கல்கட்டைப் பிரித்த தலைவர்

கெட்டுப்போன எதைக் கண்டாலும் முகம் மலர்ந்துவிடுகிற ஒரு மனிதரை எனக்குத் தெரியும். எங்காவது மதில் சரிந்தது, பாலம் உடைந்தது, வெள்ளம் பாதையை அறுத்துக்கொண்டு போனது என்று கேள்விப்பட்டால் போதும், முதல் ஆளாக வந்து நிற்பார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி "அடடா, அடடா" என்றுதான் தொடங்குவார். இரண்டாவது அடடா முடிவதற்குள் சட்டைப்பையிலிருந்து போன் வெளியே வந்திருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போய், "கொஞ்சம் தள்ளுங்கம்மா, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்று வீட்டுக்காரியையே விலகச் சொல்வார்.

எங்கள் பக்கத்து மண் பாதுகாப்பு விவசாயிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அந்த அம்மாவும், யாராவது தேடிப் போனால், "தலைவரு குளிக்கிறாரு, உக்காருங்க" என்றுதான் சொல்வார். வெள்ளைச் சட்டை, யாரோ ஒரு கூட்டத்தில் கொடுத்த பச்சைத் தொப்பி, பளபளவென்று துடைத்த கறுப்புச் சப்பாத்து. மண்ணைக் காக்கிற சங்கத்தின் தலைவருடைய சப்பாத்தில் நான் ஒருநாளும் மண்ணைக் கண்டதில்லை.

திட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. மலைச்சரிவில் மரக்கறி போடுகிறவர்கள் மழையில் மண்ணை ஆற்றுக்கு விடாமல் காத்துக்கொண்டால் அரசாங்கம் அவர்களுக்குப் பணம் கொடுக்கும். சரிவுக்குக் குறுக்கே கல்கட்டு கட்டினாலும், தண்ணீர் வடியக் கான் வெட்டினாலும், வரிசையாகக் கிளிசீரியா மரக்கொப்பு நட்டாலும் நீளத்தை அளந்து கொடுப்பார்கள். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. வேலை நடந்ததற்கு விவசாய இலாகாக் கந்தோரில் அத்தாட்சி வேண்டுமே என்று ஒவ்வொரு காணிக்கும் இரண்டு படம் கேட்டார்கள். வேலைக்கு முன்னால் ஒன்று, வேலைக்குப் பின்னால் ஒன்று. அந்த இரண்டு படமும் தலைவரின் மண்டைக்குள் போய்க் குடியேறிவிட்டன. அதற்குப் பிறகு அங்கே வேறு எதற்கும் இடம் இருக்கவில்லை.

ஹாலிஎல ஸ்டேஷனுக்குத் திரும்புகிற இடத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோ கொப்பி, போனுக்கு ரீலோட், படம் பிரிண்ட் பண்ணிக் கொடுப்பது. தலைவர் என்னுடைய நிரந்தர வாடிக்கைக்காரர். பிரிண்ட் வெளியே வந்ததும் சூடு ஆறுவதற்குள் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்ப்பார்.

"தங்கச்சி, இதப் பாருங்க. மண்ணு எப்புடி அறுத்துக்கிட்டுப் போயிருக்கு பாருங்க. கைய விட்டா முழங்கை வரைக்கும் போகும். இதுதான் படம்!"

"பின்னால எடுத்தது நல்லா வரலியா தலைவரே?"

"அது கெடக்கு. பின்னால எடுக்கிறத எவனும் எடுப்பான். முன்னால எடுக்கிறதுதான் கஷ்டம். நம்ம சனங்க அவசரப்பட்டுத் திருத்திப்புடுறாங்க."

விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன். தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் குழாய் உடைந்தபோதுதான் அது விளையாட்டில்லை என்று தெரிந்தது. குழாயை மாட்ட ஆள் ஸ்பேனர் சாவியும் கையுமாக நிற்கிறான். தலைவர் போய், மேலிடத்துக்குக் காட்டப் படம் வேண்டும், அன்றைக்குப் பார்த்து போனில் சார்ஜ் இல்லை, நாளை வரட்டும் என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டு போனார்கள். அதைவிட மோசம், கொழுந்து லொறியிலிருந்து விழுந்து கால் முறிந்த ஒருவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன கதை. தோடம்பழம் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் போனார். போன இடத்தில், கட்டுப் போடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வைக்கவில்லையே என்று அந்த மனிதரின் பெண்சாதியிடம் குறைப்பட்டுக்கொண்டாராம். அந்த அம்மா தோடம்பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

காணிகளை அவர் பார்க்கிற விதமே வேறு. மலையேறிப் போய் மண்ணைத் தொட்டுப் பார்க்கிற வழக்கம் கிடையாது. கந்தோர் ஜீப்பை எங்கே நிறுத்தலாம் என்று பார்ப்பார். நிறுத்துகிற இடத்தில் நின்று எது தெரிகிறதோ அதுதான் அவருக்குக் காணி. வளைவுக்கு அப்பால் இருக்கிறவன் எவ்வளவு அழகாகக் கான் வெட்டி வைத்திருந்தாலும், "அது ரோட்டுக்குத் தெரியாதே அண்ணே" என்று பரிதாபமாகச் சொல்வார். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் தோட்டத்து நிலத்தில் பாத்தி போட்டிருக்கிறவர்களுக்கோ எதுவுமே இல்லை. காணி உறுதிப் பத்திரம் இருந்தால்தான் திட்டம். பழைய உரச் சாக்கில் மண்ணை நிரப்பி அடுக்கி, உடைந்த தகரத்தை ஊன்றி, அவர்கள் பாட்டுக்குச் சும்மாவே மண்ணைக் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாக்குகளைப் பார்த்தால் தலைவர் முகத்தைச் சுளிப்பார். படத்துக்கு அசிங்கமாம்.

ஒன்று சொல்ல வேண்டும், அவர் திருடர் இல்லை. திருடராக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போயிருப்பேன். பஸ் காசு முதல் பிரிண்ட் காசு வரை தன் கையிலிருந்துதான் கொடுப்பார். யார் வீட்டிலும் ஒரு வெறுந்தேத்தண்ணிக்கு மேல் வாங்க மாட்டார். தான் செய்வது ஊருக்கு நல்லது என்று மனதார நம்பினார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இப்போது மொனராகலைப் பக்கம் மகள் வீட்டோடு இருப்பதாகக் கேள்வி. அங்கே குளங்கள் காய்ந்து வெடித்துக் கிடக்கிற காலத்தில் சந்தோஷமாகத்தான் இருப்பார்.

புஷ்பம் அக்காவின் விஷயத்தில்தான் எனக்கு அவர்மேல் இருந்த சிரிப்பு செத்துப் போனது. நான் பிறந்த லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பரா அவர்களுடையது. அக்கா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவள் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். இரண்டு பேருமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து, தோட்டத்து எல்லைக்கு வெளியே, ரோட்டுக்கு மேலே ஒரு துண்டுச் சரிவை நாட்டுப்புறத்துச் சிங்களக் குடும்பம் ஒன்றிடம் வாங்கினார்கள். எங்கள் லயத்தில் உறுதியோடு காணி வைத்திருந்தது அவர்கள் மட்டும்தான். வாங்கும்போது அது வெறும் கல்லும் மானாப்புல்லும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவில் வருகிறபோதெல்லாம் அந்த மனிதர் புதுச்சட்டையைக்கூடப் போடாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தோண்டிய கல்லை வீசாமல் சரிவுக்குக் குறுக்கே அடுக்கினார். அக்கா கட்டுக்கு மேலே குப்பையும் சாணமும் கொட்டி மண்ணைப் பதப்படுத்தினாள். வருஷக்கணக்கில் அப்படிச் செய்து படிப்படியாகப் பாத்திகள் எழும்பின. அதில் போஞ்சிக்கொடி ஏறிக் காய்த்தது. வீட்டுச் செலவுக்கும் இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கும் அந்தப் போஞ்சிதான்.

ரோட்டிலிருந்து நன்றாகத் தெரிகிற காணி வேறு. தலைவர் விடுவாரா? விவசாயக் கந்தோர் உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இளவயதுப் பையன், சிங்களவர், வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட தமிழ் பேசுவார். நல்ல பிள்ளை. கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டே நீளத்துக்கும் நடந்தார்.

"மிச்சம் நல்ல வேலை அம்மா. யார் கட்டியது?"

"எங்க வீட்டுக்காரரு, மாத்தயா."

"ஆனால் இதுக்கு சல்லி குடுக்க ஏலாது. புதுசா கட்டுறவங்களுக்கு மட்டும்தான். இது முந்தியே இருக்கு."

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "அப்ப நல்லா வச்சிருக்கிறவளுக்கு ஒண்ணுமில்ல, நாசமாக்கி வச்சிருக்கிறவனுக்குத்தான் குடுப்பீங்க. அப்புடித்தானே மாத்தயா?"

அந்தப் பையன் வெட்கப்பட்டுச் சிரித்தார். மேலே எழுதிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். தலைவர் பழக்க தோஷத்தில் அந்தக் கட்டையும் போஞ்சிப் பந்தலையும் இரண்டு மூன்று படம் எடுத்துக்கொண்டார். எடுக்கும்போது அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. நன்றாக இருந்த ஒன்றை அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போஞ்சி வாங்க அக்காவிடம் போயிருந்தேன். தலைவர் மூச்சு வாங்க வந்தார். கண்ணில் ஒரு பளபளப்பு.

"புஷ்பம், ஒரு வழி இருக்கு. கட்டப் பிரிச்சிருவோம்."

"என்னா சொல்றீங்க தலைவரே, வெளங்கலியே."

"பிரிச்சுக் கல்ல ஓரமா குமிச்சு வச்சிருவோம். கட்டு தானா சரிஞ்சிருச்சுன்னு நான் மாத்தயாகிட்ட சொல்லிக்கிறேன். இந்தக் கட்ட அவரு பாத்துட்டாரு, அதனால அவரு வந்து நிக்கும்போது எடுத்தாத்தான் முன்னால படம் செல்லும். மறுநாளே ஆளப் போட்டுக் கட்டிருவோம். அதே கல்லு, அதே எடம், ஆனா புதுக்கட்டு. சல்லியும் வரும், கட்டும் முந்தியவிட நிமிந்து நிக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கிறதப் போயி பிரிக்கச் சொல்றீங்களே, மழ நேரம் வேற. உங்களுக்கு என்ன கிறுக்கா?"

"தங்கச்சி, நீங்க கடையில இருக்கிறவங்க. திட்டத்தப் பத்தி நாங்க பாத்துக்கிறோம்" என்றார், கொஞ்சமும் கோபப்படாமல்.

அவர் போன பிறகு அக்காவிடம் வேண்டாம் என்று சொன்னேன். அவள் போஞ்சி நார் உரித்துக்கொண்டே பேசினாள். வெயில் காலத்தில் பீலியிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றியே இடுப்பு போய்விட்டதாம். அந்தச் சல்லி வந்தால் ஒரு டாங்கியும் குழாயும் போட்டுவிடலாமாம்.

"கீழ்க்காணிக்காரன் இத்தன வருசமா ஒரு கல்லத் தூக்கி வச்சானா? மண்ணெல்லாம் ரோட்டுல ஓடும். இப்பக் கட்டிட்டு சல்லி வாங்கிட்டான். நாங்க முந்தியே செஞ்சது குத்தமாப் போச்சு. சொல்லு, நான் என்ன பாவம் பண்ணேன்?"

அவள் பிழையாகப் பேசவில்லை. நன்றாகச் செய்தவளைக் கெடுக்கத் தூண்டிய அந்தச் சட்டத்தை யார் எழுதினார்களோ, அவர்கள் ஒருநாளும் சரிவில் நின்று போஞ்சி நட்டிருக்க மாட்டார்கள்.

கட்டைப் பிரித்த அன்று சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்தார்கள். தலைவர் ரோட்டில் நின்றுகொண்டு கையை ஆட்டினார். "அந்தக் கல்லையும் எடுங்க, அது தெரியுது. வலப்பக்கம் இன்னும் ஒழுங்கா இருக்கு பாருங்க, அதக் கொஞ்சம் கலைச்சு விடுங்க." இயற்கையாகச் சரிந்த மாதிரி இருக்க வேண்டுமாம். போஞ்சி அப்போதுதான் பூத்திருந்தது. கல் எடுத்த இடத்தில் மண் கறுப்பாக, ஈரமாக, சுவர் மாதிரி நின்றது. அக்கா அதன்மேல் பழைய படங்குத் துணி ஒன்றைப் போர்த்தப் போனாள். படத்தில் விழும் என்று அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஜீப் வரவில்லை. உத்தியோகத்தர் பண்டாரவளையில் கூட்டத்துக்குப் போய்விட்டாராம். அதற்கு அடுத்த நாள் ஜீப்புக்கு டீசல் இல்லையாம். அப்புறம் பௌர்ணமிக்குப் போயா லீவு, அதோடு சனி ஞாயிறு. தலைவர் ஒவ்வொரு நாளும் மாலையில் வந்து, "நாளைக்குக் கட்டாயம் வருது" என்று நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார். பிற்பகலானால் நமுனுகுலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. தூறிவிட்டுக் கலைந்தது. அக்கா வேலைவிட்டு வந்ததும் ரோட்டோரம் நின்று வானத்தையும் பிரித்த மண்ணையும் மாறி மாறிப் பார்ப்பாள். பார்க்கச் சகிக்கவில்லை.

ஒருநாள் பொறுக்காமல் கல்லைத் தூக்கி வைக்கத் தொடங்கிவிட்டாள். நானும் சேலையைச் செருகிக்கொண்டு போனேன். அடிவரிசை பாதிகூட வரவில்லை. எங்கிருந்துதான் மோப்பம் பிடித்தாரோ, கீழேயிருந்து சத்தம் வந்தது.

"ஐயையோ, கைய வைக்காதீங்க! படம் எடுக்கல! படம் எடுக்கல!"

"மழ வருது தலைவரே" என்றாள் அக்கா.

"இத்தன நாள் பொறுத்தீங்க, ஒரு நாள் பொறுக்க மாட்டீங்களா? இப்பக் கட்டிட்டா அம்புட்டும் வீண். நாளைக்குக் காலம்பற ஜீப்பு வருது. நானே பேசிட்டேன்."

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "கட்டிரு அக்கா. சல்லி போனாப் போகுது." அவள் கையிலிருந்த கல்லை வெகுநேரம் கீழே வைக்கவில்லை. பிறகு, "இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. ஒரு ராத்திரிதானே" என்று ஓரமாக வைத்தாள். அவள் வீட்டுக்காரருக்கு இதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கட்டி முடித்துவிட்டுப் புதுக்கட்டாகக் காட்டுவோம் என்று நினைத்திருந்தாள்.

அன்று பிடித்த மழையைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஊவாப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஐப்பசி மழை தெரியும். விடிந்ததும் ஓடினேன். படிப்படியாக இருந்த பாத்திகளைக் காணவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சரிவு, நடுவில் மஞ்சளாகப் பாறை தெரிந்தது. போஞ்சிக் கம்புகள் கொடியும் பூவுமாக ரோட்டுக் கானில் கிடந்தன. அந்தக் கறுத்த மண் ரோட்டை மூடியிருந்தது. ரோட்டு வேலைக்காரர்கள் மண்வெட்டியால் அதைத் தள்ளிப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் போக வழி விட வேண்டுமே. ஓரமாகக் குவித்திருந்த கற்கள் மட்டும் ஒன்றுகூட அசையாமல் வைத்தபடியே இருந்தன. அக்கா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அடடா, அடடா" என்று குரல் கேட்டது. திரும்பிப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சொல்லி வைத்தாற்போல அன்றைக்கு ஜீப் வந்தது. உத்தியோகத்தர் பையன் இறங்கியதும் பாறையை அண்ணாந்து பார்த்தார். கட்டு மட்டும் சரிந்துவிட்டது என்றுதானே அவருக்குச் சொல்லியிருந்தது. தலைவர் மேலும் கீழும் ஓடினார், சப்பாத்து முழுக்கச் சேறு, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. "மாத்தயா, இந்தப் பக்கம் வாங்க, இங்கேருந்து பாத்தா முழுசும் வருது. இந்த மாகாணத்துலயே இப்புடி ஒரு முன்னால படம் யாருகிட்டயும் இருக்காது!"

அக்கா எழுந்து வந்தாள். "எம் மண்ணு எங்க தலைவரே?"

"கவலப்படாதீங்க புஷ்பம். எல்லாம் படத்துல வந்துருச்சு."

அவர் கேலியாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். அன்று மாலை அக்கா என் கடையிலிருந்துதான் கொழும்புக்குப் பேசினாள். அவள் வீட்டுக்காரர் திட்டவில்லையாம். "எல்லாத்தையுமா பிரிச்ச?" என்று மட்டும் கேட்டாராம். ரீலோட் தீரும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மழை விடவில்லை, கட்டவும் முடியவில்லை. வருஷம் முடிவதற்குள் கணக்கு மூட வேண்டும் என்று கந்தோரிலிருந்து தலைவரை நெருக்கினார்கள் போல. ஒருநாள் கடைக்கு வந்து, பிரிண்ட் போடச் சொல்லி ஒரு படத்தைக் காட்டினார். நிமிர்ந்த கட்டு, மேலே பூத்த போஞ்சிப் பந்தல். உத்தியோகத்தர் முதல்முதல் வந்த அன்று எடுத்தது.

"இது பிரிக்கிறதுக்கு முந்தின படமில்லியா?"

"ஆமா தங்கச்சி. மண்ணு சரிஞ்ச படத்துக்குப் பக்கத்துல பின்னால படமா இத வச்சிருவோம். கல்லு அதே கல்லுதானே. எடமும் அதே எடம். நாளுதான் கொஞ்சம் முன்ன பின்ன."

நான் மெஷினை நிறுத்தினேன். "என் கடையில இது நடக்காது. வெளிய போங்க" என்றேன். வாடிக்கைக்காரரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கோபமே வரவில்லை. "சரி சரி, டென்ஷன் ஆகாதீங்க" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு பதுளை பஸ்ஸில் ஏறிப் போய் அங்கே பிரிண்ட் போட்டுக்கொண்டார்.

மழையென்று அளந்து பார்க்க யாரும் வரவில்லை, படமே போதுமாயிற்று. ஜோடிப் படம் என்றால் அதுதான் ஜோடிப் படம் என்று கந்தோரில் எல்லோரும் மெச்சினார்களாம். இவ்வளவு பாழான காணி இவ்வளவு சீக்கிரம் இப்படிச் செழித்ததா என்று பெரிய இடத்தில் இருக்கிறவர்கள் வாயைப் பிளந்தார்களாம். வாழ்க்கையில் ஒரு போஞ்சிக்கொட்டை முளைக்க எத்தனை நாள் எடுக்கும் என்று தெரிந்த ஒருவர்கூடவா அந்தக் கட்டடத்தில் இல்லை? இருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். கொழும்பிலிருந்து ஆட்கள் நேரில் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது.

இப்போது கட்டு வேண்டும். தலைவர் மேசன்மாரைக் கொண்டுவந்து அவசர அவசரமாகக் கட்டினார். அக்காவின் பெயருக்கு வந்த சல்லி அவர்கள் கூலிக்கே சரியாகப் போனது. அழகான கட்டுதான். ரோட்டுப் பக்கம் நூல் பிடித்தமாதிரி இருந்தது. அதற்குப் பின்னால் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. வெறும் பாறையும் கப்பிக் கல்லும். அது தெரியாமலிருக்கக் கிளிசீரியாக் கொப்புகளை ஒடித்துக் கட்டின் உச்சியில் வரிசையாகக் குத்தி வைத்தார். ரோட்டில் நின்று பார்த்தால் பச்சையாகத்தான் இருந்தது.

வந்தவர்களில் பெரியவர் ஒரு சிங்களப் பெண்மணி. குடை பிடிக்க ஓர் ஆள், குறிப்பு எழுத ஓர் ஆள். தன்மையாகத்தான் பேசினார். ரோட்டில் நின்றபடியே கட்டை நிமிர்ந்து பார்த்தார், படங்கள் ஒட்டிய தாளைப் பார்த்தார், மறுபடி கட்டைப் பார்த்தார். தலைவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நான் கடையைப் பூட்டிவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். தலைவர் சொல்லி அனுப்பியிருந்ததால் அக்கா அரை நாள் பேரையும் அதன் கூலியையும் விட்டுவிட்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அந்தப் பெண்மணி அக்காவிடம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார். தலைவர் தமிழில் சொன்னார். "இங்க என்னா பயிர் செய்றீங்கன்னு மெடம் கேக்கிறாங்க."

"கல்லு" என்றாள் அக்கா.

தலைவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "போஞ்சி, மெடம், போஞ்சி" என்றார். பெண்மணி தலையாட்டினார். குறிப்பு எழுதுகிறவர் எழுதினார். கொஞ்சம் போஞ்சி கிடைக்குமா, வீட்டுக்குக் கொண்டுபோக ஆசையாக இருக்கிறது என்று பெண்மணி கேட்டார். தலைவர் இதை எதிர்பார்த்தே இருந்திருக்கிறார். வளைவில் நிறுத்தியிருந்த த்ரீவீலிலிருந்து ஒரு பை வந்தது. காலையில் ஹாலிஎலச் சந்தையில் வாங்கியது. அதை அக்காவின் கையில் திணித்தார்.

"மெடத்துக்குக் குடுங்க புஷ்பம். குடுக்கும்போது இந்தப் பக்கம் பாத்துச் சிரிங்க." சொல்லிவிட்டுப் போனை உயர்த்திக்கொண்டு பின்பக்கமாக நடந்தார்.

பெண்மணி சிரித்த முகமாக இரண்டு கைகளையும் நீட்டினார். அக்கா பையைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஒரு போஞ்சியை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டாள். பிறகு பையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி, கட்டின் ஓரமாக லயத்துக்கு ஏறுகிற குறுக்குப் பாதையில் நடக்கத் தொடங்கினாள்.

"புஷ்பம்! இந்தா புஷ்பம்! எங்க போறீங்க? படம் எடுக்கல!"

"வீட்டுல கறிக்கு ஒண்ணுமில்ல தலைவரே" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

என்ன சொன்னாள் என்று பெண்மணி கேட்டார். அதைச் சிங்களத்தில் சொல்லத் தலைவருக்கு வாய் வரவில்லை. நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அக்காவின் பின்னால் ஏறிப் போனேன். கீழே அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

காம்பரா வாசலில் இரண்டு பேரும் உட்கார்ந்து போஞ்சியை நார் உரித்து ஒடித்தோம். அக்கா ஒன்றை ஒடித்தபோது அது உடையாமல் நாராக இழுத்தது. அதை என்னிடம் நீட்டினாள்.

"முத்தின போஞ்சி. நானா இருந்தா இத சந்தைக்குக் கொண்டு போயிருக்க மாட்டேன்."